பச்சை மேசையும் நம் பிள்ளைகளும்

சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, சுண்டலும் விநியோகமாகி, ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், நம் மூத்த அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் இங்கு வந்து, கிர்க்கியிலுள்ள தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர். அன்று பேசினார்.

“தம்பி, நீங்கள் ஸ்டேஷனில் தினம் நூறு பேரைப் பார்க்கிறவர். நல்லது கெட்டது உங்களுக்குத் தெரியும். என் பையன் பாலிடெக்னிக் விட்டதும் வீட்டுக்கு வருவதில்லை. கேம்ப் பக்கம் ஒரு மாடியில் கோலும் கையுமாக நிற்கிறானாம். அது சூதாட்டம் என்று சொல்கிறார்கள். அங்கே அவனுக்கு ஏதோ பட்டப்பெயர் வேறு இருக்கிறதாம், பாட்டா என்று. செருப்புக் கடைப் பெயரை என் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நடை போய்ப் பார்த்து அவனை அழைத்துக்கொண்டு வாருங்கள்.”

மெட்ரிக் தேறியதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பார்சல் ஆபீசில் ரசீது எழுதிக் காலம் தள்ளும் நமக்கு இவ்வளவு பெரிய தூது உத்தியோகம் தகுமா என்று தயங்கினோம். ஆயினும் பெரியவர் கண் கலங்கிக் கேட்கும்போது எப்படி மறுப்பது? அடுத்த சனிக்கிழமை வருவதாக வாக்களித்தோம்.

பச்சைத் துணி விரித்த அந்த மேசை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நாம் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சிறு ஜங்ஷனில் பணியாற்றினோம். அங்கிருந்த ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில், வெள்ளைக்காரர் காலத்து பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று தார்ப்பாய் மூடிக் கிடந்தது. தீபாவளி சமயத்தில் அதன்மேல் மிட்டாய்ப் பொட்டலங்களை அடுக்குவோம். மற்ற நாட்களில் பழைய ரிஜிஸ்தர்கள் கிடக்கும். பொருள் சேமிக்கும் மேடை என்றே அதனை நினைத்திருந்தோம். ஒருநாள் அந்த இன்ஸ்டிட்யூட்டின் வயோதிகக் காவலாளி ஆளற்ற மாலையொன்றில் தார்ப்பாயை விலக்கி, உள்ளங்கையால் துணியைத் தடவி, “பாபு, இதற்கடியில் கருங்கல் பலகை இருக்கிறது. எட்டுப் பேர் சேர்ந்தாலும் அசையாது” என்றார். பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட அந்த மேசைக்குள் ஸ்லேட்டுக் கற்பலகைகள் பதிக்கப்பட்டிருப்பதையும், அதனால் அதன் எடை ஒரு டன்னுக்கு மேற்படும் என்பதையும் பின்னர் அறிந்தோம். பார்சல்காரரான நமக்கு எடை என்றால் தனி மரியாதை உண்டு.

சனிக்கிழமை மாலை, சொன்னபடி, அந்த மாடிக்குச் சென்றோம். கீழே சைக்கிள் கடையும் பேக்கரியும். மேலே நீண்ட கூடம். ஆறு மேசைகள். ஒவ்வொன்றின்மேலும் தாழத் தொங்கும் விளக்குகள். புகை இல்லை, கூச்சல் இல்லை. பந்தொடு பந்து மோதும் ‘டக்’கென்ற ஓசை மட்டுமே. நாம் எதிர்பார்த்துப் போன நரகம் அங்கில்லாததில் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது என்றால் அன்பர்கள் நகைக்கக் கூடாது.

பையன் நம்மைக் காணவில்லை. கடைசி மேசையில், தன்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு மராத்தி இளைஞருடன் ஆடிக்கொண்டிருந்தான். அது ஒன்பது பந்து ஆட்டம். ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட பந்துகள் மேசையில் இருக்கும்; எது மிகக் குறைந்த எண்ணோ அதனையே வெள்ளைப் பந்து முதலில் தொடவேண்டும்; ஒன்பதாம் பந்தை யார் முறைப்படி பைக்குள் வீழ்த்துகிறாரோ அவருக்கே வெற்றி. எதிராளி தந்திரமாக வெள்ளைப் பந்தை ஒரு மூலையில் ஒளித்துவைத்தார். பையன் தொடவேண்டிய நான்காம் பந்துக்கும் வெள்ளைப் பந்துக்கும் இடையே ஏழாம் பந்து சுவர்போல் நின்றது. நேர்வழி இல்லை.

பையன் மேசையை ஒருமுறை சுற்றி வந்தான். குனிந்தான். நான்காம் பந்து இருந்த திசைக்கு எதிர்த்திசையில் அடித்தான். வெள்ளைப் பந்து ஓரத்து ரப்பர்த் திண்டில் மோதி, குறுக்கே ஓடி, மற்றோர் ஓரத்தில் மோதித் திரும்பி வந்து நான்காம் பந்தை மெல்லத் தீண்டிற்று. அது நிதானமாக உருண்டு பைக்குள் விழுந்தது.

அப்பொழுதுதான் ஒன்றைக் கவனித்தோம். மற்ற ஐந்து மேசைகளிலும் ஆட்டம் நின்றுபோயிருந்தது. அவரவர் தம் கோலை ஊன்றிக்கொண்டு இந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தனர். ஒருவர் கோலின் அடிப்புறத்தால் தரையை இருமுறை தட்டினார். பிறகு மற்றொருவர் தட்டினார். தோற்றுக்கொண்டிருந்த மராத்தி இளைஞரும் தட்டினார்! இவ்வுலகத்தார் கைதட்டும் வழக்கம் அதுவாம். மணிக்குக் காசு கொடுத்து மேசை எடுத்தவர்கள், ஓடும் கடிகாரத்தைப் பொருட்படுத்தாமல், தம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள் என்றால் அதனை விடப் பெரிய நற்சான்றிதழ் வேறேது? ஊரார் புகழ்வது வேறு. அதே தொழிலில் கை பழகியவர் புகழ்வது வேறு. சங்கீதக் கச்சேரியில் முன்வரிசை ரசிகர் தலையாட்டுவதற்கும், பக்கத்தில் அமர்ந்த மிருதங்க வித்துவான் தலையாட்டுவதற்கும் உள்ள வேற்றுமையை நம்மவர் நன்கறிவர்.

ஆட்டம் முடிந்ததும் பையன் நம்மைக் கண்டு வெலவெலத்தான். “மாமா, அப்பா அனுப்பினாரா?” என்றான். அவனைப் பேக்கரிக்கு அழைத்துச் சென்று, பன்னும் தேநீரும் வாங்கிக் கொடுத்து, முதலில் அந்தப் பட்டப்பெயரைப் பற்றியே விசாரித்தோம்.

அது செருப்புக் கம்பெனியின் பெயர் அன்று. பிலிப்பைன்ஸ் நாட்டின் தகாலோக் மொழியில் ‘பாத்தா’ என்றால் ‘சிறுவன்’ என்று பொருளாம். நாம் வீட்டில் ‘சின்னவன்’ என்றும் ‘குட்டி’ என்றும் அழைப்பதுபோல. அந்நாட்டின் பெரும் ஆட்டக்காரரான எஃப்ரன் ரெயெஸ் என்பவருக்கு அப்பெயர் வழங்குகிறது. அவர் இளைஞராக இருந்த காலத்தில் எஃப்ரன் என்ற பெயருடைய மூத்த ஆட்டக்காரர் ஒருவர் இருந்தமையால், அடையாளத்துக்காக இவரைச் ‘சின்ன எஃப்ரன்’ என்றார்கள். இன்று எழுபது வயது கடந்தும் அவர் ‘சின்னவர்’தான். ஒளிந்த பந்தை ஓரத்தில் மோதிக் கண்டுபிடிக்கும் வித்தையில் அவருக்கு இணை இல்லை என்பதால், அதே வித்தையில் கை வந்த நம் பையனுக்கும் கேம்ப் மாடித் தோழர்கள் அப்பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இஃது இகழ்ச்சியன்று, பட்டாபிஷேகம் என்று உணர்ந்தோம்.

அன்றிரவு முதல் ஒரு வாரம், பையன் சொன்னவற்றைப் பிடித்துக்கொண்டு இந்த ரெயெஸ் யார் என்று தேடிப் படித்தோம். படித்ததைச் சற்று விரிவாகவே சொல்ல அன்பர்கள் இடந்தர வேண்டும்.

எஃப்ரன் ரெயெஸ் 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் பம்பாங்கா மாகாணத்தில் பிறந்தார். ஐந்து வயதில் மணிலா நகருக்கு வந்து, பூல் கூடம் நடத்திவந்த தம் மாமன் வீட்டில் வளர்ந்தார். கூடத்தைப் பெருக்குவதும் பந்துகளை அடுக்குவதும் அவர் வேலை. மேசை உயரம் எட்டாததால் கொக்கோகோலா மரப்பெட்டிகளை நகர்த்தி நகர்த்தி வைத்து, அவற்றின்மேல் ஏறி நின்று ஆடிப் பழகினார். இரவில் வாடிக்கையாளர் போனபின் அந்த மேசையே அவருக்குப் படுக்கை. ஊர்விட்டு ஊர் வந்து, உறவினர் கடையில் உண்டு உறங்கி வளர்ந்த பிள்ளைகள் நம் சங்கத்திலும் உண்டு. அவர்களுக்கு இச்செய்தியை விளக்கவேண்டியதில்லை.

வளர்ந்து பெரியவரானபின் அவர் பெயர் கடல் கடந்தும் பரவிற்று. ஆனால் முகம் பரவவில்லை. 1985இல் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரில் நடந்த ஒரு போட்டிக்கு அவர் சென்றபோது, ‘சீசர் மொராலெஸ்’ என்ற வேற்றுப் பெயரில் ஆடினார். மெய்ப்பெயரைக் கேட்டாலே எதிர்த்து ஆட ஆள் கிடைக்காது என்ற நிலை! போட்டியில் வென்றார். விராட நகரத்தில் பிருகன்னளையாக இருந்த அர்ஜுனன் வில்லை எடுத்ததும் வெளிப்பட்டதுபோல, கோலை எடுத்தபின் எத்தனை நாள் மறைந்திருக்க முடியும்? 1994இல் அமெரிக்க ஓப்பன் ஒன்பது பந்துப் பட்டத்தை வென்றார். அமெரிக்கர் அல்லாத ஒருவர் அதனை வென்றது அதுவே முதல் தடவை. 1999இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் உலகப் பட்டமும் பெற்றார்.

அவருடைய போட்டிகளில் நம் மனத்தைக் கவர்ந்தது ஒன்றுண்டு. 1996இல் ஹாங்காங் நகரில் அமெரிக்கரான ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டுடன் அவர் மோதினார். முதலில் 120 ஆட்டம் வெல்பவருக்கு ஒரு லட்சம் டாலர், தோற்பவருக்கு ஒன்றுமில்லை. மூன்று நாள் நடந்த அந்தப் போரில் 120க்கு 117 என்று ரெயெஸ் வென்றார். 237 ஆட்டங்கள் ஆடி மூன்றே ஆட்டம் வித்தியாசம்! அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் ரீனோ நகரில், அதே ஸ்ட்ரிக்லண்டு ஒளித்துவைத்த ஐந்தாம் பந்தை, இரண்டு ஓரங்களில் மோதச்செய்து பைக்குள் வீழ்த்தினார் ரெயெஸ். பந்து சென்ற பாதையின் வடிவத்தைக்கொண்டு ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தால் அந்த அடியை இன்றும் குறிப்பிடுகிறார்கள். நாம் சனிக்கிழமை மாடியில் கண்டது அதன் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

ரெயெஸின் நாட்டில் இந்த ஆட்டம் பணக்காரர் கிளப்புக்குள் அடைபட்டதன்று. தெருமுனைகளிலும் கூரைக் கொட்டகைகளிலும் மேசை போட்டிருக்கிறார்கள். அதனால் பின்வந்தோரும் குறையவில்லை. 2017இல் தோஹாவில் ஒன்பது பந்து உலகப் பட்டம் வென்ற கார்லோ பியாதோவும் பிலிப்பைன்ஸ்காரரே.

இவ்வளவையும் திரட்டிக்கொண்டு பெரியவரைக் காணச் சென்றோம். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “தம்பி, அது தீவு. அங்கே எல்லாரும் ஆடுகிறார்கள். நாம் புனேயில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இங்கே யாராவது இதை வைத்து உருப்பட்டிருக்கிறார்களா? அதைச் சொல்லுங்கள்” என்றார். ஃபிட்டர் அல்லவா? அளவுகோலை எடுத்துவிட்டார்!

நமக்குப் பதில் இருந்தது. அதுவும் அவர் மகன் நின்றிருந்த அதே கேம்ப் வட்டாரத்திலேயே இருந்தது.

இந்திய நாட்டுக்கு, எந்த விளையாட்டிலாயினும், தனிநபராக முதன்முதலில் உலகப் பட்டம் கொணர்ந்தவர் யார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? வில்சன் ஜோன்ஸ் என்ற பில்லியர்ட்ஸ் வீரர். அவர் 1922ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் இதே புனே நகரில் ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். பிஷப்ஸ், செயின்ட் வின்சென்ட்ஸ் என்று நாம் நாள்தோறும் பஸ்ஸில் கடந்துபோகும் பள்ளிகளில் படித்தவர். 1958இல் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வென்றார். 1964இல் நியூஸிலாந்து நாட்டிலுள்ள புக்கேகோஹே என்ற ஊரில் மறுபடியும் வென்றார். தேசிய பில்லியர்ட்ஸ் பட்டம் பன்னிரண்டு முறையும், ஸ்னூக்கர் பட்டம் ஐந்து முறையும் அவருக்குக் கிடைத்தன. 1965இல் பத்மஸ்ரீ. ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றபின் இளைஞர்களுக்குக் கற்பித்தார். அதற்காக 1996இல் துரோணாசாரியார் விருது அளிக்கப்பட்டது. 2003 அக்டோபரில் மும்பையில் காலமானார்.

அவர் ஆடிய பில்லியர்ட்ஸில் மூன்றே பந்துகள். தன் பந்து மற்ற இரண்டையும் தொட்டால் இரண்டு புள்ளி. சிவப்புப் பந்தைப் பையில் வீழ்த்தினால் மூன்று. தன் பந்தே சிவப்பில் பட்டுப் பையில் விழுந்தாலும் மூன்று. கேட்க எளிது. ஒரு புள்ளியும் தவறாமல் நூற்றுக்கணக்கில் தொடர்வதில்தான் கஷ்டம். கீத் சேத்தி என்ற நம் நாட்டு வீரர் 1992இல் நடந்த உலகப் போட்டியில் ஒரே தொடரில் 1276 புள்ளி எடுத்தார். எதிராளி அத்தனை நேரமும் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். நம் பார்சல் ஆபீசில் ஒரே வாடிக்கையாளர் நாற்பது மூட்டை கொண்டுவந்தால் பின்னால் நிற்பவர் முகம் எப்படியிருக்கும் என்பதை நினைத்துக்கொண்டோம்.

புனேயின் கணக்கு ஜோன்ஸுடன் முடியவில்லை. 1985ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் இதே நகரில் பங்கஜ் அத்வானி பிறந்தார். குழந்தைப் பருவம் குவைத்தில் கழிந்தது. 1990இல் அங்கே போர் மூண்டதன் விளைவாகக் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தார். அண்ணன் ஸ்ரீயின் பின்னாலேயே சென்று பத்து வயதில் கோலைத் தொட்டவர், அரவிந்த் சவூரிடம் முறையாகப் பயின்று, 2003இல் சீனாவின் ஜியாங்மென் நகரில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தைத் தம் பதினெட்டாம் வயதில் வென்றார். 2005இல் மால்டாவில், பில்லியர்ட்ஸின் நேரக்கணக்கு, புள்ளிக்கணக்கு ஆகிய இருவகைப் போட்டியிலும் உலகப் பட்டம். 2006, 2010 ஆகிய இரு ஆசிய விளையாட்டுகளிலும் தங்கப் பதக்கம். 2024 நவம்பரில் தோஹாவில் அவர் வென்றது இருபத்தெட்டாவது உலகப் பட்டம். ஆக, உலகத்தை வென்ற இரு கோல்வீரர்கள் ஒரே ஊர் மண்ணில் பிறந்திருக்கிறார்கள். ஊரில் பாதிப்பேருக்கு அது தெரியாது. பந்தடி ஆட்டமான பேட்மின்டனே ஒரு காலத்தில் ‘பூனா’ என்ற பெயரால் வழங்கிற்று என்பதையும் மறந்துவிட்டோம் அல்லவா, அதுபோல.

பெரியவர் ஜோன்ஸின் பெயரைக் கேட்டதும் சிறிது அசைந்தார். “வெள்ளைக்கார சமாசாரம்தானே?” என்று மட்டும் கேட்டார். அதற்கும் நம் பையில் சரக்கிருந்தது. ஸ்னூக்கர் பிறந்த கதையை எடுத்துவிட்டோம்.

1875இல், மழைக்கால மாலையொன்றில் ஜபல்பூர் ராணுவ முகாமில், நெவில் சேம்பர்லின் என்ற பத்தொன்பது வயது அதிகாரி, அப்போது வழக்கிலிருந்த மேசை ஆட்டமொன்றில் மேலும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் புதிய ஆட்டம் ஒன்றை அமைத்தார். (பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சேம்பர்லின் வேறு, இவர் வேறு.) ராணுவப் பள்ளியில் புதிதாகச் சேரும் கற்றுக்குட்டியை ‘ஸ்னூக்கர்’ என்று ஏளனமாக அழைப்பது அக்காலத்து வழக்கம். எளிய பந்தைத் தவறவிட்ட சக அதிகாரியை அவ்வாறு கேலி செய்ய, அதுவே ஆட்டத்தின் பெயராக நிலைத்தது. பின்னர் அவர் உதகமண்டலம் வந்து சேர்ந்தார். அங்குள்ள ஊட்டி கிளப்பில்தான் இந்த ஆட்டத்தின் விதிகள் 1882இல் வரையப்பட்டு பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் ஒட்டப்பட்டன. இன்று லண்டனிலும் சீனாவிலும் கோடி கோடியாகப் பரிசு வழங்கி ஆடப்படும் ஆட்டத்தின் சட்டம் நம் நீலகிரியில் எழுதப்பட்டது. வெள்ளைக்காரர் எழுதினர் என்பது உண்மையே. அந்த மேசைக்கு விளக்கேற்றியவரும், பந்து பொறுக்கியவரும், புள்ளி குறித்தவரும் யாராயிருப்பர்? அவர் பெயரை எவரும் சுவரில் ஒட்டவில்லை.

பெரியவர் முதன்முறையாகச் சிரித்தார். ஆயினும் மூல வழக்கு தீரவில்லை. சூதாட்டம் என்ற குற்றச்சாட்டு இருக்கிறதே? அதனை மூடி மறைப்பது நமக்கு ஒவ்வாது. பூல் மேசையைச் சுற்றிப் பந்தயப் பணம் புழங்குவது உலகெங்கும் உள்ளதே. ரெயெஸும் பந்தய ஆட்டத்தில் வளர்ந்தவர்தாம். அதனால் அவர் பெருமை குறையவில்லை, ஆனால் அதே மணிலாவில் பந்தயத்தில் அழிந்தவர்களுக்குக் கதை எழுத யாரும் இல்லை. ஜோன்ஸோ பரிசுப் பணம் இல்லாத அமெச்சூர் முறையில் ஆடியவர். இரு வழியும் உண்டு.

பேக்கரியில் அமர்ந்தபோது பையனை இதுபற்றி நேராகவே கேட்டிருந்தோம். அவன் பொய் சொல்லவில்லை. ஒரே ஒரு முறை இருநூறு ரூபாய்க்கு ஆடி வென்றானாம். தோற்றவன் இவனுடைய வகுப்புத் தோழன். இருநூறையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகப் பஸ் சார்ஜ் இல்லாமல், இவனிடமே இருபது ரூபாய் கடன் கேட்டான். “மாமா, அந்த இருநூறை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுத்தால் அவன் வாங்கவும் இல்லை. அதற்குப்பின் நான் காசுக்கு ஆடியதில்லை” என்றான். மேசை வாடகைக்கு என்ன செய்கிறாய் என்றதற்கு, மாலையில் ஒரு மணி நேரம் அந்தக் கூடத்தில் மேசைகளைத் துலக்கி, பந்துகளைத் துடைத்து அடுக்குவதாகவும், அதற்கு ஈடாக உரிமையாளர் ஒரு மணி நேரம் இலவசமாக ஆடவிடுவதாகவும் சொன்னான். கொக்கோகோலாப் பெட்டி நினைவுக்கு வந்தது.

இதனையும் பெரியவரிடம் ஒளிக்காமல் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. அம்மையார் மட்டும் உள்ளிருந்து, “பந்து துடைக்கிறானா? வீட்டில் ஒரு டம்ளர் கழுவியதில்லை” என்றார்.

நம் சங்கத்தில் இதுபற்றிப் பேச்சு எழுந்தபோது இரு கட்சி உண்டாயிற்று. ஒரு சாரார் “படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?” என்றனர். இவர்களே சங்கக் கூடத்தில் இரவு பத்து மணி வரை கேரம் ஆடுகிறவர்கள் என்பதைப் பணிவுடன் நினைவூட்டினோம். கேரம் பலகை இருபத்தொன்பது அங்குலச் சதுரம். பூல் மேசை ஒன்பதடிக்கு நாலரையடி. விரலுக்குப் பதில் கோல். வேறென்ன பெரிய வேற்றுமை? ஓரத்தில் மோதித் திரும்பும் கோணம் அங்கும் அதே, இங்கும் அதே. அந்தச் சிறு பலகையில் ஆடித்தான் சென்னையின் மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், ஆட்டோ ஓட்டுநரின் மகளான சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கப் பதக்கங்களுடன் திரும்பினார். வடசென்னைச் சந்துகளில் கேரமும் ஒரு காலத்தில் வேலையற்றோர் ஆட்டம் என்றே பெயர் எடுத்திருந்தது.

மறு சாரார் உற்சாகம் மிகுந்து, சங்க நிதியில் ஒரு மேசையே வாங்கிவிடலாம் என்றனர். மேசையின் விலை ஒருபுறம் இருக்கட்டும், அதன் எடையை நம் வாடகைக் கூடத்தின் மாடித் தளம் தாங்குமா என்று கேட்டோம். யோசனை அத்துடன் கைவிடப்பட்டது. பொருளாளர் நமக்கு நன்றி கூறினார்.

பையனின் கைத்திறன் எத்தகையது என்பதை நமக்குத் தெரிந்த அளவில் எழுதவேண்டும். பந்தை வீழ்த்துவது பாதி வித்தைகூட இல்லை என்று அவன் சொன்னான். வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்பதே வித்தை. நடுவுக்குக் கீழே குத்தினால் அது மோதியபின் பின்னுக்கு வரும். மேலே குத்தினால் முன்னே தொடரும். பக்கத்தில் குத்தினால் ஓரத்தில் பட்டபின் கோணம் மாறும். குத்தும் புள்ளி ஒரு நெல் அகலம் தவறினால் பந்து ஒரு முழம் தள்ளி நிற்கும். இப்போது அடிக்கும் பந்தைப் பார்ப்பவன் கற்றுக்குட்டி. அடுத்ததையும் அதற்கடுத்ததையும் பார்த்துக்கொண்டு இதனை அடிப்பவன் ஆட்டக்காரன். அந்த மாடியில் அவனைவிட வேகமாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவன் ஆடும்போது வெள்ளைப் பந்து நெடுந்தூரம் ஓடுவதேயில்லை. சொல்லிவைத்ததுபோல் அடுத்த பந்தின் எதிரே போய் நிற்கும். “இவன் கஷ்டமான அடி அடிப்பதே அபூர்வம், ஏனென்றால் கஷ்டம் வருமாறு விடுவதில்லை” என்று அந்த மராத்தி இளைஞர் நம்மிடம் கூறினார். தோற்றவர் வாயிலிருந்து வந்த சொல் ஆதலால் அதனை அப்படியே குறித்துக்கொண்டோம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை. நாம் எதிர்பார்க்கவில்லை, பெரியவர் நம் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, பழைய தொழிற்சாலைப் பை. “போகலாமா, தம்பி? நானே பார்க்கிறேன்” என்றார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாடியில் அந்நேரம் கூட்டம் இல்லை. பையன் தனியே ஒரு நாற்காலியில் அமர்ந்து, கோலின் நுனியிலுள்ள தோல் வில்லையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். நுனி மழுங்கினால் பந்து வழுக்கும். அதனைச் சீராக உருட்டி வைத்தல் வேண்டும். தந்தையைக் கண்டதும் எழுந்து நின்றான். கோல் கையில் நடுங்கிற்று.

பெரியவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மேசையின் விளிம்பில் கைவைத்து அழுத்தினார். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துணியின் மட்டத்தை நீளவாட்டில் நோக்கினார். “மட்டம் சரியாக இருக்கிறது” என்றார். பிறகு மகன் கையிலிருந்த கோலை வாங்கினார். அதனை மேசைமேல் உருட்டி, கோணல் இல்லையென்று கண்டார். நுனியைச் சன்னலோரம் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் அதிகமாகத் தேய்த்துவிட்டாய்” என்று மட்டும் சொல்லி, நாற்காலியில் அமர்ந்து, பையைத் திறந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் கூட இருந்த தம் சிறு அரத்தை வெளியே எடுத்தார்.